சேனை வைத்த விரல்

முகுந்தன் வலது கை மோதிர விரலை எப்போதும் மடக்கியே வைத்திருப்பான். அடிபட்டது ஒன்றும் இல்லை, நீட்டினால் நன்றாக நீளும். இரண்டு வருஷமாக அந்த விரல் மேல் அவனுக்குக் கோபம், அவ்வளவுதான். தங்கச்சி மகள் சர்விகாவுக்குச் சேனை வைத்தது அந்த விரல்.

சேனை என்றால் என்னவென்று கேட்கிறவர்களும் இப்போது இருக்கிறார்கள், சொல்லிவிடுவது நல்லது. பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதுதான் சேனை. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் குழந்தைக்கு வரும் என்பார்கள். அதனால் கோபக்காரரைக் கூப்பிட மாட்டார்கள், கஞ்சனைக் கூப்பிட மாட்டார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸிகள் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு எதுவும் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். இருந்தும் கிள்ளானில் தங்கச்சி லோகேஸ்வரி வீட்டில் ஐந்தாம் நாள் காலையில் வெள்ளிக் கிண்ணம் வெளியே வந்துவிட்டது.

கிண்ணத்தைக் கையில் பிடித்திருந்தவர் லோகேஸ்வரியின் மாமியார் சீதாலெட்சுமி.

"நல்லா யோசிச்சுக்கம்மா. இது வெளையாட்டு இல்ல."

"யோசிச்சாச்சு. எங்கண்ணன் மனசு மாதிரி வேற யாருக்கு இருக்கு? அவருதான் வைக்கணும்."

சீதாலெட்சுமி கிண்ணத்தை முகுந்தன் பக்கம் நீட்டினார். அவர் எதை நினைத்தார் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். முகுந்தனுக்கும் தெரியும். அவனுக்குத் திக்குவாய்.

லேசாக வந்து போகிற திக்கல் இல்லை அது. சொல் தொண்டை வரைக்கும் வரும், அங்கே நின்றுவிடும். கண்கள் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும். எதிரே நிற்பவர் தாங்க மாட்டாமல் அந்தச் சொல்லைத் தானே சொல்லி முடித்துவிடுவார், அதுவும் பாதி நேரம் தப்பாக. சாப்பாட்டுக் கடையில் தோசை கேட்கப் போய் புரோட்டா தின்றுவிட்டு வந்த நாட்கள் அவனுக்கு ஏராளம். பெட்டாலிங் ஜெயாவில் தகர டின் செய்கிற பேக்டரியில் வேலை. மெஷின் போடுகிற சத்தத்தில் எல்லாரும் காதை அடைத்துக்கொண்டு கைச்சாடையில்தான் பேசுவார்கள். "இந்த ஷிப்டுல நம்ம முகுந்தன்தான் பெரிய பேச்சாளரு" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். பதினெட்டு வருஷம் அவன் அங்கிருந்து நகராததற்குக் காரணம் அந்தச் சத்தம்தான்.

கல்யாணத்துக்கு இரண்டு இடம் பார்த்தார்கள். இரண்டாவது இடத்தில் பெண்ணின் அப்பா நல்ல மனுஷர், அன்பாகத்தான் கேட்டார். "மாப்பிள்ளை, உங்க பேரு?" முகுந்தனுக்கு அவன் பெயரே வரவில்லை. டீ ஆறி, ஏடு படிந்து, யாரோ ஒருவர் இருமி, கடைசியில் லோகேஸ்வரிதான் சொன்னாள். அதற்கப்புறம் அவன் எந்த வீட்டுக்கும் பெண் பார்க்கப் போகவில்லை. சாலாக் செலாத்தானில் அடுக்குமாடி வீடு ஒன்று, ஒரு மோட்டார் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சி வீடு. அதுவே போதும் என்று இருந்துவிட்டான்.

அப்படிப்பட்டவன் விரலை நனைத்துக் குழந்தையின் நாக்கில் வைத்தான். குழந்தை சப்புக்கொட்டியது. எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றரை வயசு வரைக்கும் சர்விகா வாயாடி. வீட்டுக் கேட்டில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரிப்பாள். அப்புறம் ஒரு காலையில் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

"ப்… ப்… ப்பாட்டி, எ… எ… எனக்கு மைலோ."

சீதாலெட்சுமி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். வசம்பு உரசி நாக்கில் தடவினார்கள். கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். பிள்ளையின் அப்பா சுகுமாறன் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன், யாரையும் நோகடிக்கிற ஆள் இல்லை. அவன் சொன்னது இதுதான்: "பாத்துப் பழகிக்கிறதாம் இது. அவ முன்னாடி யாரும் திக்கிப் பேசாம பாத்துக்கங்க லா." அந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களில் திக்கிப் பேசுகிறவன் ஒருவன்தான்.

சீதாலெட்சுமி சுற்றி வளைக்கவில்லை. "சேனை வச்ச வாய் வந்துருச்சு" என்றார்.

அதைக்கூட முகுந்தன் தாங்கிக்கொண்டான். லோகேஸ்வரி அவனைக் கேட் வரைக்கும் வழியனுப்ப வந்தபோது சொன்னாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"உன்னைய சொல்லல அண்ணே. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

தங்கச்சி தப்பு என்று சொன்னது அவனைக் கூப்பிட்டதைத்தானே. அன்றிலிருந்து அவன் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. போனிலும் பேசவில்லை. தன் குரல் கேட்டாலே பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவனே நம்பிவிட்டான். மாதத்துக்கு ஒரு தடவை மோட்டாரில் கிள்ளானுக்குப் போவான். பிள்ளை பாலர் பள்ளிக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, மங்குஸ்தீனோ டுக்குப் பழமோ ஒரு பை கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். பை யாருடையது என்று உள்ளே யாரும் கேட்பதில்லை. இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. யார் நல்லதுக்காக அவன் விலகி நின்றானோ, அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை.

சர்விகாவுக்கு ஆறு முடிந்தது. அடுத்த வருஷம் ஒன்றாம் ஆண்டு. லோகேஸ்வரி மறுபடியும் ஏழு மாதம். பள்ளியில் சேர்ப்பதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று பிள்ளையை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிறவரிடம் அழைத்துப் போனாள். மறுநாள் முகுந்தனுக்கு வாட்ஸ்அப் வந்தது.

"அண்ணே, ஸ்பீச் டீச்சர் உன்னைய பாக்கணுமாம். திங்கக்கெழம பத்து மணி. வரலேன்னா வயித்த தூக்கிக்கிட்டு நான் பேக்டரிக்கு வருவேன்."

அவள் சொன்னால் செய்வாள். முகுந்தன் லீவு போட்டான்.

அந்தப் பயிற்சியாளர் பெயர் மெஹ்ரின். தமிழ் முஸ்லிம் பெண், முப்பது வயசு இருக்கும், தலைத்துணி இளநீலம். லோகேஸ்வரியும் முகுந்தனும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளை வரவில்லை. முகுந்தன் வணக்கம் சொல்ல ஆரம்பித்து நடுவில் நின்றுவிட்டான். மெஹ்ரின் அவனுக்காகச் சொல்லி முடிக்கவில்லை, வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. காத்திருந்தார். அவன் முடித்ததும், "வணக்கம் அண்ணே, உட்காருங்க" என்றார். அப்படி ஒருவர் காத்திருந்து அவன் பார்த்ததில்லை.

அவர் ஒரு தாளில் குடும்பத்தைக் கட்டமும் வட்டமுமாகப் போட்டார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். சர்விகாவின் வட்டத்தைப் பென்சிலால் நிரப்பினார், முகுந்தனின் கட்டத்தை நிரப்பினார்.

"திக்குறவங்க வேற யாரு?"

"வேற யாரும் இல்ல டீச்சர். இது சேனையால வந்தது" என்றாள் லோகேஸ்வரி. விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது அண்ணனைப் பார்க்கவில்லை.

மெஹ்ரின் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுலயும் புள்ள பொறந்தா பேரீச்சம்பழத்த மென்னு நாக்குல தடவுவாங்க. எங்க பெரியப்பா, பெரியத்தான்னு கூப்பிடுவோம், அவருதான் தடவினாரு எனக்கு. அவரு மாதிரி நான் கணக்குல புலியா ஆகல" என்றார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு முகுந்தனைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, சேனையால திக்கு வராது. பாத்துப் பழகியும் வராது, பயந்தும் வராது. குடும்பத்துல ஓடுறதுண்டு. எல்லாருக்கும் வராது, சில பேரத் தாண்டிப் போயிரும். சின்னப் புள்ளையில வந்து தானா போறதும் நெறைய. ஆம்பளப் புள்ளைங்களுக்குத்தான் போகாம தங்கிடுறது ஜாஸ்தி. ஆனா விரலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

முகுந்தன் மேசைக்கு அடியில் கையைப் பார்த்தான்.

"உங்க அப்பாவுக்கு எப்படி? பேச்சு?"

"அப்பா பேசவே மாட்டாரு டீச்சர்" என்றாள் லோகேஸ்வரி. "ரயில்வேயில வேல. வீட்டுல எல்லாம் அம்மாதான் பேசுவாங்க. ரொம்ப கண்டிப்பான ஆளு."

"பேச மாட்டாரா, பேச வராதா?"

அப்பா வேலாயுதத்தின் கட்டத்தில் மெஹ்ரின் ஒரு கேள்விக்குறி போட்டார். "கேட்டுட்டு வாங்க. கண்ணு சிமிட்டுறது, தோளக் குலுக்குறது, தொண்டையச் செருமுறதுன்னு யாருக்காவது இருந்தாலும் சொல்லுங்க. அதுவும் சில குடும்பத்துல ஓடும். ரெண்டுக்கும் ஒரே வேர்தானான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எழுதி வச்சுக்குறேன்."

லோகேஸ்வரி சட்டென்று அண்ணனைப் பார்த்தாள். பன்னிரண்டு வயசு வரைக்கும் அவளுக்குக் கண் ஓயாமல் சிமிட்டும். அம்மா சொட்டு மருந்தாக ஊற்றித் தள்ளினாள். பிறகு ஒருநாள் அது தானே நின்றுபோயிற்று.

கேட்பதற்கு இனி உயிரோடு இருந்தது ஒரே ஆள்தான். அப்பாவின் தங்கை மாரியாயி. பிரிக்பீல்ட்ஸில் பிளாட் வீட்டில் இருந்துகொண்டு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுக்கிற பொம்பளை. அன்றைக்கே இரண்டு பேரும் ரயில் ஏறிப் போனார்கள்.

மாரியாயி அத்தைக்கு ஒரு பழக்கம். நிமிஷத்துக்கு ஒரு தடவை முகவாய் இடது பக்கம் வெட்டி இழுக்கும். மீன்காரன் விலை சொல்லும்போது அத்தை வேண்டாம் என்கிறாள் என்று நினைத்து இரண்டு வெள்ளி குறைத்துவிடுவான். ஏரியா முழுக்க அத்தையை வைத்து இந்தச் சிரிப்பு உண்டு. அதை ஒரு நோயென்று யாரும் நினைத்ததே இல்லை, அவள் திமிர் என்றுதான் நினைத்தார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் அத்தையின் முகவாய் மூன்று தடவை வெட்டியது.

"எங்கண்ணன் செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு. இப்ப வந்து அவரு வாயக் கிண்டுறீங்களா? வெங்காயம் உரிக்கத் தெரிஞ்சா உரிங்க, இல்லேன்னா கெளம்புங்க."

லோகேஸ்வரி கத்தியை எடுத்தாள். முகுந்தனும் எடுத்தான். அரை மூட்டை உரித்து முடித்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் வெங்காயத்தின் மேல் பழியைப் போடலாம், அது ஒரு வசதி.

கடைசியில் முகுந்தன்தான் ஆரம்பித்தான். "அ… அ… அத்தை. பு… புள்ள தனியா கஷ்டப்படுது. நா… நான் குடுத்ததுன்னு…" அதற்கு மேல் வரவில்லை.

அத்தை கத்தியை வைத்தாள். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படியே எங்கண்ணன் ஒக்காந்திருக்குற மாதிரி இருக்கு" என்றாள். "கழுத்து நரம்புகூட."

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. வேலாயுதத்துக்குச் சின்ன வயசிலிருந்தே திக்கு. எஸ்டேட்டிலிருந்து ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த காலத்தில் பையன்கள் அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள். கேட்டு வாங்கித்தான் கொடி காட்டுகிற வேலைக்குப் போனார். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, பேச்சே வேண்டாம். கல்யாணம் பேசியபோது மாரியாயியின் அம்மா அவளிடம் சத்தியம் வாங்கினாள், பொண்ணு வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று.

"உங்கம்மாவுக்கு மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு. அவ என்ன பண்ணா தெரியுமா? அவரு பேச வேண்டிய பேச்சையெல்லாம் இவளே பேச ஆரம்பிச்சா. சனங்க இவளத்தான் ராங்கிக்காரின்னு சொன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்தா. சாகுற வரைக்கும் சொல்லல பாரு."

"எங்ககிட்டகூடவா அத்தை?" என்றாள் லோகேஸ்வரி.

"உங்ககிட்டத்தான் முக்கியமா சொல்லக்கூடாதுன்னாரு." அத்தை முகுந்தன் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. ஒனக்கு வச்ச பேரு கதிரேசன். எங்கப்பா பேரு. பொறப்புப் பத்திரம் எடுக்க எங்கண்ணன் போனாரு, நானும் கூடப் போனேன். கவுண்டர்ல புள்ள பேரு என்னன்னு கேட்டாங்க. அந்த 'க' வரவே இல்ல. பின்னால வரிசையில நின்னவன் சப்பாட் லா, சப்பாட் லான்னு அவசரப்படுத்துறான். எங்கண்ணனுக்கு வேர்த்து ஊத்துது. திடீர்னு முகுந்தன்னு சொல்லிட்டாரு. அது வாயில வந்துச்சு, அவ்வளவுதான். எழுதிக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்து மனசு மாறிப்போச்சுன்னு சொல்லிக்கிட்டோம்."

முகுந்தன் உரித்த வெங்காயத்தைக் கையிலேயே வைத்திருந்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் ஆறிப்போன டீ அவன் நினைவுக்கு வந்தது. அப்பா வாய்க்கு எளிதாக வந்த பெயர். அந்தப் பெயர்தான் மகன் வாயில் முப்பது வருஷமாக நின்றுகொண்டிருக்கிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நாலு வயசில் இவனுக்குத் திக்கு ஆரம்பித்தபோது, இவன் பேசத் திணறும் ஒவ்வொரு தடவையும் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். தன்னைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை, அவமானமாக இருக்கிறது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தான். கொடிக்கம்பைத் துடைத்துக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் முதுகைக் காட்டி நின்ற அப்பா. அவர் எதை விட்டு ஓடினார் என்று இப்போது புரிந்தது. அப்பா எழுந்து வெளியே போனார். இவன் கேட்டில் பையை மாட்டிவிட்டு மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போனான். அவ்வளவுதான் வித்தியாசம்.

"அழுறியாடா?" என்றாள் அத்தை.

"வெ… வெங்காயம்."

"ஆமா ஆமா. வெங்காயம்."

ரயிலில் திரும்பும்போது லோகேஸ்வரி அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மடங்கியிருந்த விரலை நிமிர்த்தினாள். மன்னிப்பு கேட்கவில்லை. அண்ணன் தங்கச்சிக்குள் அதெல்லாம் கேட்கிற பழக்கம் இல்லை. "ஞாயித்துக்கெழம சாப்பிட வந்துரு" என்றாள். "கேட்டுல பைய மாட்டிட்டு ஓடுன, பழத்தத் தூக்கி ரோட்டுல போட்டுருவேன்."

ஞாயிற்றுக்கிழமை போனான். கதவைத் திறந்தவர் சீதாலெட்சுமி. லோகேஸ்வரி எல்லாம் சொல்லியிருந்தாள். பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ரத்தத்துல வர்றதுங்குறாங்க. இருக்கட்டும். சேனையில ஒண்ணுமே இல்லைன்னு நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. உங்க மனசும் அவளுக்கு வந்திருக்கு, அது எங்கேருந்து வந்துச்சாம்? வயித்துல இருக்குற புள்ளைக்கு நான் வைக்கிறேன், சண்டை போடாதீங்க. உள்ள வாங்க."

அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. முகுந்தன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். பிறக்கப்போகிற பிள்ளைக்கும் இது வரலாம், வராமலும் போகலாம், முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது என்று மெஹ்ரின் போனில் சொல்லியிருந்தார். விரல் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. விரலைக் கழுவலாம், ரத்தத்தை என்ன செய்வது?

சர்விகா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். உயரமாகிவிட்டாள், முன்பல் இரண்டு இல்லை. மாமாவை அடையாளம் தெரிந்தது, ஆனால் எழுந்து வரவில்லை. இரண்டு வருஷம் வராதவனிடம் ஓடி வருவாளா?

முகுந்தன் பழப்பையைக் கீழே வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"ச… ச… ச்சர்விகா. ந… ந்… நல்லா இருக்கியா?"

பிள்ளையின் முகம் மாறியது. வாயைத் திறந்தபடி அவனையே பார்த்தாள். நாலு வயசில் பார்த்தது எங்கே நினைவிருக்கும்? மாமா திக்கிப் பேசுவார் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. அவளுக்குத் தெரிந்த பெரியவர்கள் எல்லாரும் தங்குதடையில்லாமல் பேசுகிறவர்கள்.

"மாமா, உ… உங்களுக்கும் மா… மாட்டிக்குமா?"

"ம்."

"பெ… பெரியவங்களுக்கும் மாட்டிக்குமா? எ… எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

சமையலறை வாசலில் நின்றிருந்த லோகேஸ்வரி உள்ளே போய்விட்டாள். முகுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று பயந்து விலகியிருந்த இரண்டு வருஷமும் அவன் கண் முன்னால் வந்தது. அந்த இரண்டு வருஷமும் இந்தப் பிள்ளை உலகத்தில் தான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"தா… தாத்தாவுக்கும் மாட்டிக்கும்" என்றான். அந்தப் பிள்ளையிடம் அதுவரை யாரும் சொல்லியிராத வார்த்தை அது.

"கொடி காட்டுற தாத்தாவுக்கா?"

"ம்."

அவள் சோபாவை விட்டு இறங்கி வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஜனவரியில் பள்ளியில் எல்லாரும் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டுமாம். அதற்காக ஸ்பீச் டீச்சர் பழகச் சொல்லியிருக்கிறாராம். மெதுவாக, மூச்சோடு, முதல் எழுத்தை அழுத்தாமல். சொல்லிவிட்டு ஒரு தீர்ப்பும் சொன்னாள்.

"மாமா, நீங்க ரொ… ரொம்ப அழுத்துறீங்க. ஒ… ஒங்க பேரு சொல்லுங்க. நான் பாக்குறேன்."

முகுந்தன் வாயைத் திறந்தான். பெயர் தொண்டைக்கு வந்தது, வழக்கம்போல அங்கே நின்றது. கண் இறுகியது. சீதாலெட்சுமி சொல்லிக் கொடுக்க வாயெடுத்தார்.

"பாட்டி, சொல்லக்கூடாது" என்றாள் சர்விகா. ஒரு இடத்திலும் மாட்டிக்கொள்ளாமல் சொன்னாள்.

அவள் காத்திருந்தாள். காலை நீட்டி, கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். வெளியே ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது, போயிற்று.

"மு… ம்… முகுந்தன்."

பிள்ளை தலையாட்டினாள். பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்ப என் டேர்ன்" என்றாள்.